வெடி கேட்டால் ஈரல் வரும்

மதுரையில் வெடிச்சத்தத்துக்கு சீசன் என்று ஒன்று கிடையாது. தீபாவளிக்கு வெடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் வெடி, சீர் கொண்டுபோகும்போதும் வெடி. அம்மன் கோயில் பொங்கலுக்கு அதிர்வேட்டு. கட்சித் தலைவர் வந்து இறங்கினால் பத்தாயிரம் வாலா. பெரிய நடிகர் படம் வெளியானால் விடியற்காலையிலேயே தியேட்டர் வாசலில் தொடங்கிவிடும். யாராவது இறந்துபோனால் வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும் வழியெல்லாம் வெடித்துக்கொண்டே போவார்கள். தீபாவளிக்காவது நாள் தெரியும், தயாராகிக்கொள்ளலாம். சாவு வெடிக்கு யார் நாள் குறித்துத் தர முடியும்?

எங்கள் மல்லி நாட்டு நாய். செவலை நிறம், மூக்கும் காது நுனியும் மட்டும் கறுப்பு. முதல் இரண்டு தீபாவளிக்கு அவள் காதை நிமிர்த்திப் பார்த்ததோடு சரி. அப்புறம் ஒரு மத்தியானம், எங்கள் கேட்டை ஒட்டி ஒரு இறுதி ஊர்வலம் போனபோது நீளமான சரவெடி ஒன்றைப் பற்றவைத்தார்கள். மல்லி அப்போது வாசலில்தான் படுத்திருந்தாள். அன்றைக்குக் குளியலறைக்குள் போய் ஒடுங்கியவள் இருட்டிய பிறகும் வெளியே வரவில்லை.

தெருவில் எல்லாரும் ஆறுதலாகச் சொன்னது ஒன்றுதான்: “விடுங்க, ரெண்டு தடவ கேட்டா பழகிடும்.” நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் பயம் ஒரு படி ஏறியது. முதலில் பக்கத்து வெடிக்கு மட்டும் நடுங்கினாள். அப்புறம் நாலு தெரு தள்ளி வெடித்தாலும் நடுங்கினாள். அப்புறம் குக்கர் விசில், கதவு அடித்துக்கொள்ளும் சத்தம், பக்கத்து மனையில் போர்வெல் போடுகிற வண்டி. கடைசியில் சத்தமே தேவைப்படவில்லை, மருந்துப் புகை வாசனை வந்தாலே போதும்.

இது மல்லிக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. விட்டுவிட்டால் தானாகச் சரியாகும் என்பது சில சத்தங்களுக்குத்தான் பொருந்தும். மின்விசிறி, ரயில், ஒலிபெருக்கிப் பாட்டு மாதிரி ஒரே சீராக வந்து எந்தக் கெடுதலும் செய்யாமல் போகிற சத்தத்துக்கு நாயின் மூளை பழகிக்கொள்ளும். திடீரென்று வருவது, எப்போது வரும் என்று கணிக்க முடியாதது, உடம்பே அதிரும் அளவுக்குப் பெரியது, தப்பித்து ஓட வழியில்லாதது, இந்த நான்கும் சேர்ந்தால் நடப்பது நேர் எதிர். ஒவ்வொரு தடவையும் மூளை கூடுதலாக உஷாராகிறது. பயந்த நாயைப் பிடித்து வெடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பயம் தெளியும் என்று செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாய்கள் அப்படி நிறுத்தியதும் அசையாமல் நின்றுவிடும். அது பழகியதன் அடையாளம் இல்லை. பயத்தில் உறைந்துபோனதன் அடையாளம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 வரை போகும். நமக்கு ‘டமார்’ என்று ஒரே சத்தமாகக் கேட்பதில் நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் அதற்குக் கேட்கின்றன. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-ல் ஃபின்லாந்தில் சுமார் 13,700 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாய்களின் பயங்களில் முதலிடம் சத்தத்துக்குத்தான், ஏறத்தாழ மூன்றில் ஒரு நாய்க்கு அது இருந்தது. நம் வீட்டு நாய் மட்டும் கோழை என்று யாரும் மனம் குன்ற வேண்டாம்.

பயத்தின் அடையாளங்கள் நடுக்கத்துக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. மல்லியிடம் நான் முதலில் பார்ப்பது உதட்டை. பசி இல்லாத நேரத்தில் நாக்கை நீட்டி மூக்கை ஒரு தடவை வேகமாக நக்கிக்கொள்வாள். அடுத்து தூக்கமில்லாத கொட்டாவி. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும். வெயிலே இல்லாத நேரத்தில் மூச்சிரைக்கும். அப்புறம் தரையைப் பார்த்தால் போதும். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும். எங்கள் வீட்டு மொசைக் தரையில் அவள் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்த வழியெல்லாம் ஈரத்தில் பாதத்தடம் பதிந்திருக்கும். ஃபேன் காற்றில் ஒன்று காய்வதற்குள் அதன் மேலேயே இன்னொன்று விழும். இத்தனைக்கும் அந்த நேரத்தில் எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. அந்தத் தடங்களைப் பார்த்த பிறகு அவள் நடிக்கிறாள், செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டாள் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்துவிடும்.

செல்லம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நடுங்குகிற நாயைத் தடவிக்கொடுத்தால் பயத்தைப் பாராட்டுவது போலாகிவிடும், அதனால் கண்டுகொள்ளக் கூடாது என்று ஒரு பேச்சு வெகுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது சரியில்லை. உட்கார், கை கொடு என்பவை நாய் தானாக முடிவெடுத்துச் செய்கிற செயல்கள், அவற்றுக்குப் பரிசு கொடுத்தால் அதிகமாகும். பயம் அப்படிப்பட்ட செயல் இல்லை, அது உணர்வு. ஆதரவாக ஒரு கை பட்டதால் யாருக்கும் பயம் அதிகமாகாது. உங்கள் நாய் உங்கள் மடியைத் தேடி வந்தால் மடியைக் கொடுங்கள். கட்டிலடியில் போய்த் தனியாகப் படுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், இழுத்து வெளியே போடாதீர்கள். எங்கே ஒளிவது என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன்னால் மல்லியைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா சத்தத்தைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன்பே அவளைத் தரையில் நடக்கவிட்டுப் பார்த்தார். இடுப்பை அழுத்தினார், பின்னங்கால்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார், காதுக்குள் விளக்கடித்தார், பல்லைப் பார்த்தார். “மாடிப்படி ஏற யோசிக்குதாம்மா? வண்டியில தாவி ஏறுதா?” என்று கேட்டார். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2018 ஆய்வு ஒன்றில், சத்தத்துக்குப் பயந்த நாய்களில் மூட்டுவலி, தசைவலி உள்ளவற்றைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். வலி உள்ள நாய்களுக்குப் பயம் வந்த வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகள் அளவுக்குத் தள்ளி இருந்தது. திடுக்கிடும்போது உடம்பு விறைக்கும், விறைத்தால் வலிக்கும். சத்தமும் வலியும் அப்படியே ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். ஆகவே வயதான நாய் திடீரென்று வெடிக்கோ இடிக்கோ பயப்படத் தொடங்கினால் முதலில் வலியைத் தேடுங்கள். மல்லிக்கு அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

இனி பயிற்சி. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். முயலைக் கண்டால் அலறுகிற பையன் அவன். அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, முயலை அவன் கவலைப்படாத தூரத்தில் வைத்தார். நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். இன்றைக்கு நாய்களுக்குச் செய்கிற பயிற்சியின் அடிப்படை முழுக்க இதில் இருக்கிறது: பயப்படும் பொருள் முதலில் மிகச் சிறியதாக, தூரத்தில் இருக்க வேண்டும். அது வந்தால் ஏதோ ஒரு பெரிய சந்தோஷமும் கூடவே வர வேண்டும்.

மல்லியின் பெரிய சந்தோஷம் கோழி ஈரல். உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து மொச்சை அளவில் நறுக்கி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. இந்த ஈரல் சத்தத்துக்கு மட்டும்தான் என்பதில் கண்டிப்பாக இருந்தோம். சும்மா நேரத்தில் ஈரல் கிடைத்தால் அதற்கு அர்த்தம் போய்விடும்.

வெடிச்சத்தப் பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை ஃபோனில் ஏற்றி ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். நமக்கே கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் சத்தம். மல்லியின் ஒரு காது லேசாகத் திரும்பும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பது. காது திரும்பியதும் ஈரல். வரிசை மாறவே கூடாது: முதலில் சத்தம், அதற்குப் பிறகு ஈரல். ஈரலை முதலில் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால் கதை தலைகீழாகிவிடும், ஈரலைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் சந்தேகப்படத் தொடங்கும். சத்தம் நின்றால் ஈரலும் நிற்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. ஒரு நாள் கூடத்தில், ஒரு நாள் மாடியில், ஒரு நாள் வாசலில் என்று இடத்தை மாற்றினோம். ஒரே இடத்தில் கற்றுக்கொண்டதை நாய்கள் இன்னொரு இடத்துக்குத் தாமாகக் கொண்டுபோவதில்லை.

ஒலி அளவை எப்போது கூட்டலாம் என்பதை நாய்தான் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் மல்லி என் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு புள்ளி ஏற்றினேன். ஈரலை வாயில் வாங்கிக் கீழே போட்டாலோ, வேகமாகப் பிடுங்கித் தின்றாலோ, எழுந்து போனாலோ அன்றைய அளவு அதிகம் என்று பொருள், மறுநாள் இறக்கிவிட வேண்டும். பிடித்த தீனியை ஒரு நாய் மறுக்கிறது என்றால் அதன் உடம்பு முழுக்கப் பயத்தில் இருக்கிறது. அந்த நிலையில் எந்தப் பாடமும் ஏறாது.

பதிவுக்கு ஓர் எல்லை உண்டு. சின்ன ஸ்பீக்கரில் அணுகுண்டின் அடிநாதம் வராது, நெஞ்சில் வந்து இடிக்கிற காற்றழுத்தம் வராது, வெளிச்சம் வராது, கந்தக வாசனை வராது. ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்தாலும் நிம்மதியாகப் படுத்திருக்கிற நாய், வெளியே ஒரு லட்சுமி வெடி வெடித்ததும் ஓடி ஒளியலாம். அதனால் நிஜச் சத்தம் தேவைப்பட்டது, அதுவும் என் கட்டுப்பாட்டில் இருக்கிற நிஜச் சத்தம்.

அதற்குக் கிடைத்தது பொட்டு வெடி. சின்ன வயதில் கல்லால் தட்டி வெடித்த அதே சிவப்புப் பொட்டுதான். எதிர் வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான், இந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவே மாட்டான். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் ஒரு கல்லோடு உட்கார்வான். நானும் மல்லியும் இந்தக் கோடியில் எங்கள் வாசலில். ஃபோனில் பேசிக்கொள்வோம்.

“அக்கா, அடிக்கவா?”

“இருடா, எதையோ மோந்துட்டு இருக்கா. முடிக்கட்டும்... ம், இப்ப அடி.”

டப். மல்லி தலையைத் தூக்கித் தெருக்கோடியைப் பார்ப்பாள், அப்புறம் என் கையைப் பார்ப்பாள். ஈரல். ஒரு சாயங்காலத்துக்கு நாலைந்து பொட்டு, அதற்கு மேல் இல்லை. அவள் வால் தளர்ந்து தொங்குகிறவரை அதே தூரம். பிறகு பையன் ஒரு வீடு முன்னால் வந்து உட்கார்வான். “இன்னிக்கு ரெண்டு வீடு வரட்டுமாக்கா?” என்று அவசரப்படுவான், விடமாட்டேன். மல்லி அவனை மிக விரும்புகிறாள் என்பது கூடுதல் அதிர்ஷ்டம். பயிற்சி முடிந்ததும் அவன் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வதும் அவளுக்குப் பரிசில் சேர்ந்துவிட்டது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும், மழையும் பரீட்சையும் இல்லாத சாயங்காலங்களில் இப்படியே போனது.

இதையெல்லாம்விட அதிகமாகப் பலன் தந்தது அம்மா செய்த வேலை. ஈரல் டப்பாவை அம்மா அடுப்படியில் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டார். குக்கர் விசிலடித்தாலோ, எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தாலோ, எங்கேயாவது வெடித்தாலோ, அந்த நொடியே குரலை உயர்த்தி “வேட்டுடி மல்லி, வேட்டு!” என்று கொண்டாட்டமாகக் கூப்பிடுவார், ஒரு துண்டு கொடுப்பார். திட்டமிட்ட பயிற்சி இல்லை, சத்தம் தானாக வரும்போதெல்லாம் இது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர், நாய் வளர்க்கும் 1,225 பேரிடம் வெடிப் பயத்துக்கு என்னென்ன செய்தார்கள், எது உதவியது என்று கேட்டு 2020-ல் வெளியிட்டார். அதில் முதலிடத்தில் இருந்தது இதே முறைதான். சத்தம் வந்த உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பலன் இருந்தது என்றார்கள். நிதானமாகப் படுக்கக் கற்றுக்கொடுப்பதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும் அதை ஒட்டியே வந்தன. பதிவுச் சத்தப் பயிற்சிக்குப் பாதிக்குச் சற்று மேல். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44 சதவீதம். மூலிகை, ஹோமியோபதி, வாசனை டிஃப்யூசர் எல்லாம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றுவிட்டன, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தாலும் அந்த அளவுக்குத் தேறியதாகச் சொல்வார்கள். இவை வளர்ப்பவர்கள் சொன்ன கணக்குகள்தான், ஆய்வகத்தில் அளந்தவை இல்லை. ஆனாலும் கையில் இருக்கிற காசை டிஃப்யூசரில் போடுவதா ஈரலில் போடுவதா என்றால் நான் ஈரல் கடைக்குத்தான் போவேன்.

நிதானமாகப் படுப்பது என்றேனே, அதற்கு மல்லிக்கு ஒரு கோரைப்பாய் வைத்தோம். பாயில் காலை நீட்டிச் சாய்ந்து படுத்தால் மெதுவான குரலும் தடவலும் கிடைக்கும். விரட்டல் இல்லை, கட்டளை இல்லை. அந்தப் பாயை எந்த அறையில் விரித்தாலும் இப்போது போய்ப் படுத்துக்கொள்கிறாள். தீபாவளி அன்றைக்கு இதன் மதிப்பு தெரியும்.

மருந்தைப் பற்றித் தயக்கம் இல்லாமல் சொல்கிறேன்: தேவைப்படுகிற நாய்க்கு மருந்து கொடுப்பது இரக்கமான காரியம். சுவரைப் பிராண்டி நகம் பிய்கிற அளவுக்கு, ஜன்னலில் மோதிக்கொள்கிற அளவுக்குப் பயம் இருந்தால் ஈரல் மட்டும் போதாது. பதற்றத்தைக் குறைக்கிற டிராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை நாயின் எடையையும் இதயத்தையும் பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுப்பார். நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை இப்போது நடத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. உடம்பை அது கட்டிப்போடுமே தவிர பயத்தைக் குறைக்காது, உள்ளே பதறிக்கொண்டே நாய் அசைய முடியாமல் கிடக்கும். அப்படி ஒரு மருந்தை எழுதினால், பயத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எந்த மருந்தானாலும் அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தீபாவளிக்கு முதல் வாரம் கிளினிக் வாசலில் நிற்க இடம் இருக்காது. புரட்டாசியிலேயே போய்விடுங்கள். நடுக்கம் தொடங்கிய பிறகு கொடுக்கிற மாத்திரை பாதி வீண், முதல் வெடிக்கு முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும்.

வடக்கே தீபாவளி என்றால் ராத்திரி. நம்மூரில் விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு, நாலு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். அதனால் எங்கள் ஏற்பாடு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே. வெளிச்சம் இருக்கும்போதே நீளமாக ஒரு நடை, கழுத்துப்பட்டையிலும் உடம்புப் பட்டையிலுமாக இரண்டு கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும், தீபாவளி வாரத்தில் நாய்கள் இப்படியும் காணாமல் போகின்றன. பட்டையில் ஃபோன் நம்பர் எழுதியிருக்க வேண்டும், இங்க் பேனாவில் எழுதினால் அழிந்துவிடும், தகட்டில் பொறித்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம், வயிறு நிறைய. தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத நடு அறையில் பாய், தண்ணீர், அவளுடைய பழைய போர்வை. ஜன்னலுக்கு ஜமுக்காளம். ஃபேன் முழு வேகம், கூடத்தில் டிவி. வெளிச்சம் பளிச் பளிச்சென்று தெரியாமல் இருக்க அறையில் விளக்கை எரியவிடுவோம். கதவைச் சாத்துவோம், ஆனால் அவளைத் தனியாக வைத்துச் சாத்துவதில்லை. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வரும்வரை நான், அப்புறம் அம்மா. பட்சணத் தட்டு மட்டும் அந்த அறைக்குள் வராது. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம், பண்டிகை நாளில் யார் கையிலிருந்து எது விழும் என்று சொல்ல முடியாது.

வீட்டு நாய்க்காவது நடு அறை இருக்கிறது. தெருநாய்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் தெருவில் தீபாவளி அன்றைக்கு கேட்டை ஒருக்களித்து வைத்து, கார் நிறுத்துகிற இடத்தில் சாக்கு விரித்து, ஒரு வாளித் தண்ணீர் வைப்போம். பால்காரர் சந்தில் இருக்கிற கறுப்பு நாய் ஒன்று வருஷா வருஷம் வந்து காருக்கடியில் படுத்துவிட்டுப் போகும். யாரும் அதைத் தொடுவதில்லை. வாலில் சரம் கட்டுவது, தூங்குகிற நாய்க்குப் பக்கத்தில் வெடி வீசுவது எல்லாம் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு இதைப் பண்டிகைக்கு முன்பே சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள், எங்கள் எதிர் வீட்டுப் பையன் இப்போது மற்றவர்களை அதட்டுகிறான்.

சட்டம் இதைவிட நிறையவே சொல்கிறது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடிகளைத் தயாரிப்பதும் விற்பதும் 1999-லிருந்தே தடை. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தது, தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு பிரித்தது. சரவெடிக்கும் அந்த உத்தரவிலேயே தடை. நடைமுறை என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பட்டாசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிவகாசி எங்களுக்குப் பக்கம், அங்கே எத்தனையோ வீட்டில் அதுதான் சோறு. ஆனால் அதே சிவகாசியில்தான் புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் கம்பி மத்தாப்பும் செய்கிறார்கள். தெருவுக்குப் பொதுவாக ஒரு நேரம், ஒரு மைதானம் என்று வைத்துக்கொண்டாலே பாதிக் கஷ்டம் தீரும், ஏனென்றால் நாயைக் கொல்வது சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான்.

முடியாது என்று சொல்பவர்கள் சிவகங்கை மாவட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே, அவர்களுக்கும் தீபாவளி தீபாவளியாகத்தான் இருக்கிறது.

மல்லி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். தூரத்து வெடிக்குத் தலையைத் தூக்கி அம்மாவைத் தேடுகிறாள், டப்பா திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் வெடித்தால் இன்னும் நடுங்குகிறாள். வித்தியாசம் மீள்வதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு சரவெடிக்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டாள், இப்போது ஊர்வலம் தெரு முனை திரும்புவதற்குள் பாயில் போய்ப் படுத்து, ஈரலுக்கு வாய் திறந்துவிடுகிறாள். முழுசாகப் பயமே போய்விட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இடிதான் மிச்சம். வெடிக்கு வேலை செய்தது இடிக்கு அப்படியே செய்யவில்லை. இடி வருவதற்கு வெகு முன்பே காற்று மாறுகிறது, வானம் இருள்கிறது, மண்வாசனை வருகிறது, மின்னல் தெரிகிறது. இவை ஒவ்வொன்றும் அவளுக்கு இடியின் முன்னறிவிப்பாகிவிட்டன, ஃபோனில் இவற்றில் எதையும் போட்டுக்காட்ட முடியாது. அதனால் இந்த வருஷம் இருட்டிலிருந்தே தொடங்கியிருக்கிறோம். மேகம் கூடினால் பாய், முதல் தூறலுக்கு ஒரு துண்டு, மின்னலுக்கு ஒரு துண்டு. டாக்டரம்மாவும் ஐப்பசி மழைக்காக ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்த்தோம், ஒத்துக்கொண்டது.